கேள்வி கேட்காத செக்போஸ்ட்

போன வியாழக்கிழமை மதியம் என் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: கம்பெனி பஸ் ஓட்டும் நஞ்சுண்டன், அவர் மனைவி ரத்னா, ஓசூரில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அக்பர் பாய், நான். இவர்களைத் தவிர ஒரு மந்திரவாதி, கோடரி ஏந்திய ஒரு வீரன், ஒரு திருடி.

பின்னால் சொன்ன மூவரும் முன்னால் சொன்ன மூவர்தான். பாய் மந்திரவாதி, நஞ்சுண்டன் வீரன், ரத்னா திருடி.

பயப்படாதீர்கள். இது பகடை போட்டு ஆடும் கதை. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். "எதிரே ஒரு பாலம்" என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை தீர்மானிக்கும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். அவ்வளவுதான்.

எங்களுக்கு இதைப் பழக்கியவர் டூல் ரூம் இன்ஜினியர் ஒருவர். வெளிநாட்டிலிருந்து அவர் மச்சான் இந்த ஆட்டத்தின் புத்தகத்தை அனுப்பியிருந்தார். சமீபத்தில் இன்ஜினியரைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். புத்தகம் அவரோடு போய்விட்டது. பகடையை மட்டும் என் உள்ளங்கையில் வைத்து, "இனிமே நீங்க நடத்துங்க" என்றார்.

நானா? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கேஸ் அடுப்பை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன்...

மற்றவர்களுக்கும் அதே சந்தேகம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். இந்த ஒரு வாரம் பார்ப்பது, சரிப்படவில்லை என்றால் ரம்மிக்கு மாறிவிடுவது. நஞ்சுண்டன் சட்டைப்பையில் சீட்டுக்கட்டோடுதான் வந்திருந்தார்.

அவர்களுக்கு ரம்மி போதும். எனக்குப் போதாது. வாரம் முழுக்க என் கவலையைப் படுகிறவன், வியாழக்கிழமை மதியம் மட்டும்தான் இன்னொருவன் கவலையைப் படுகிறேன். அது எவ்வளவு பெரிய ஓய்வு என்று கவலைப்படாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆகவே தயாரித்தேன். காடு, குகை, புதையல், மூன்று தலை அரக்கன். பாலம் அறுந்தால் என்ன? அரக்கன் எதிர்பார்த்ததற்கு முன்பே செத்துவிட்டால் என்ன? மூன்று தலையும் ஒரே நேரத்தில் தூங்குமா? எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

காட்டுக்குப் போகும் வழியில் ஒரு செக்போஸ்ட் வைத்தேன். ராஜ்ஜிய எல்லை என்றால் ஒன்று வேண்டுமே... ஒரே வரி. காவலன் தடுப்புக்கட்டையைத் தூக்கிவிட்டான், உங்கள் மாட்டு வண்டி போகலாம் என்றேன்.

வண்டி போகவில்லை.

"என்ன லோடுன்னு கேட்டானா?" என்றார் நஞ்சுண்டன்.

கேட்கவில்லை என்றேன்.

"எங்கிருந்து வர்றீங்கன்னு?"

இல்லை.

நஞ்சுண்டன் பாயைப் பார்த்தார். பாய் மெதுவாகத் தலையை ஆட்டினார். "ஒண்ணுமே கேக்காம கட்டையத் தூக்கறவன் செக்போஸ்ட்டுக்காரன் இல்லீங்க. இவன் வேற ஆளு."

ஒருவர் தினமும் பஸ்ஸோடு கர்நாடகா எல்லையைத் தாண்டித் திரும்புகிறவர். இன்னொருவர் வராத லோடுக்காகக் காத்திருந்தே முடி நரைத்தவர். வேறு ஊர்க்காரர்கள் என்றால் இந்நேரம் குகைக்குள் இருந்திருப்பார்கள். குகையில் புதையல் இருக்கிறது என்று ஆசைகாட்டிப் பார்த்தேன். அது எங்கே போய்விடப் போகிறது, இருக்கட்டும் என்றார் பாய். நஞ்சுண்டனின் கை சட்டைப்பைக்குப் போனது.

வேலையில் நின்றுகொண்டு ஒரு கேள்வியும் கேட்காதவன் எப்படிப்பட்டவன்? இது எனக்குத் தெரியும். திருப்பித் தன்னை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிறவன்.

"அவன் சட்டை அவனுக்குப் பெரிசா இருக்குது. திரும்பித் திரும்பிப் பாக்கறான்" என்றேன்.

நஞ்சுண்டனின் கை பாதியில் நின்றது.

ரத்னா அசெம்பிளி லைனில் வேலை செய்பவர். திருடியாகி ஆறேழு மாதமாகியும் இதுவரை எதையும் திருடியதில்லை. பூட்டைத் திறப்பதற்கு முன் கதவைத் தட்டுவார். அன்றைக்கு முதல்முறையாக, அவன் பாக்கெட்டில் கைவிடுகிறேன் என்றார். பகடையில் பதினெட்டு விழுந்தது. பிரமாதமான திருட்டு.

பாக்கெட்டில் என்ன? நான் தயாரிக்கவில்லை. இலையில் சுற்றிய பாதி ராகிக்களி உருண்டை என்று வாயில் வந்துவிட்டது.

ரத்னாவின் முகம் மாறியது. "திருப்பி வச்சிடறேங்ணா."

அதற்கும் பகடை போட வேண்டும் என்றேன். விதி விதிதான். இரண்டு விழுந்தது. காவலன் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

பிடித்தவன் கத்த வேண்டும் அல்லவா? கத்தவில்லை. நான் குனிந்து, அவன் குரலில் சொன்னேன்: "சத்தம் போடாதீங்கம்மா. இது எங்கண்ணன் ட்யூட்டி. அவரு காய்ச்சல்ல கெடக்கறாரு. அதிகாரிக்குத் தெரிஞ்சா அண்ணனுக்கு வேலை போயிரும்."

ரத்னா கையை மேசைமேல் அசையாமல் வைத்திருந்தார், உண்மையிலேயே யாரோ பிடித்திருப்பதுபோல.

"நீ மொதல்ல கேள்வி கேக்கக் கத்துக்கப்பா" என்றார் கடைசியில். "இப்டி சும்மா வுட்டீன்னா ஒரே நாள்ல மாட்டிக்குவ."

அதற்கப்புறம் நடந்ததை எந்த ஊரில் எந்த மந்திரவாதி செய்திருப்பான், தெரியவில்லை. மூன்று பேரும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அந்தப் பையனுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். காகிதத்தைக் கேள், ஆனால் படிக்காதே, விளக்கில் தூக்கிப் பார் என்றார் நஞ்சுண்டன். வண்டிக்காரன் பதில் சொல்லும்போது காவலன் வேறு பக்கம் பார்க்க வேண்டுமாம். பாய் ஒருபடி மேலே போய், என்னிடமே சுங்கம் கேட்டுப் பழகு, நான் பேரம் பேசுவேன், நீ இறங்கக் கூடாது என்றார்.

அந்தப் பையனாக நான் பன்னிரண்டு வெள்ளிக்காசு கேட்டேன். பாய் முப்பது வருஷ வியாபாரி. அழுதார், எழுந்து போனார், திரும்பி வந்தார். சொல்லிக்கொடுத்தபடியே நான் இறங்கவில்லை. பாய்க்கு ரொம்பச் சந்தோஷம். அப்புறம்தான் பையைப் பார்த்தார். காசையெல்லாம் போன வாரக் கதையிலேயே கயிறு வாங்கித் தீர்த்திருந்தார்கள்.

"வர்றப்ப குடுத்துடறோம் தம்பி" என்றார்.

அவர்கள் பயிற்சியில் கடன் பற்றி ஒன்றும் இல்லை. தம்பி கட்டையைத் தூக்கிவிட்டான்.

அடுத்து என்ன கெட்டது நடக்கும் என்று யோசிப்பதுதான் கதை என்றால், நான் சின்ன வயதிலிருந்தே அந்த வேலையில் இருக்கிறேன். இத்தனை நாளாக அந்தக் கதைகளையெல்லாம் நான் ஒருவனே கேட்டுக்கொண்டிருந்தேன், அதுதான் வீண்.

செகண்ட் ஷிப்ட் பஸ்ஸை எடுக்க நேரமாகிவிட்டது. நஞ்சுண்டன் வாசலில் செருப்பைப் போட்டவர், சீட்டுக்கட்டு இருந்த பையைத் தடவிக்கொண்டே திரும்பினார்.

"அந்த அதிகாரி எப்ப வருவாரு?"

"அடுத்த வியாழக்கெழம" என்றேன். அவர் வரப்போகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மூன்று தலை அரக்கன் குகையில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். செக்போஸ்ட் பாக்கி, பன்னிரண்டு வெள்ளிக்காசு.