கேக்குக்கு அடியில் போட்ட தாள்

பட்டர் பேப்பரைச் சுருளிலிருந்து கிழித்ததும் முகர்ந்து பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. இரண்டு பக்கமும் முகர்ந்து, விரலால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் தட்டில் விரிப்பேன். "பேப்பரை மோந்து பாத்துட்டு கேக் செய்யற ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். ஒன்பது வயதில் ஒரு குடும்பத்தையே கொல்லப்போகிறோம் என்று இரண்டு நாள் நடுங்கிக் கிடந்தவள் நான்.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கும்பிடுவது மாதாவை, பிழைப்பது பட்டுப்புழுவை வைத்து. மல்பெரித் தோட்டத்தை ஒட்டிப் புழு ஷெட் இருந்தது. சின்னப் புழுக்களுக்குப் போடும் இலை வாடிவிடாமல் இருக்க, மெழுகு பூசிய தாளை மேலே மூடிவைப்பார்கள். புழுப் பேப்பர் என்போம். ஒவ்வொரு தடவை புதுப் புழு விடுவதற்கு முன்பும், கிருமி சாக, அப்பா ஷெட்டுக்கு மருந்தடிப்பார். பக்கத்தில் போனாலே கண் எரியும். "உள்ள கால வெச்சீன்னா செத்துருவே, பாத்துக்க" என்பதுதான் அவர் எனக்குச் செய்த ஒரே உபதேசம்.

எங்கள் வீட்டு கேக் மணலில் வேகும். பெரிய குண்டானில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி மூடிவிடுவாள் அம்மா. அடி பிடிக்காமல் இருக்கப் பட்டர் பேப்பர் வேண்டும். தருமபுரியிலிருந்து வாங்கி வருகிற தாள்கள் வருடம் முழுக்க உழைக்கும். அதிரசம் தட்டுவது அதில், கடலை மிட்டாய் கொட்டுவது அதில், ஜாக்கெட்டில் பூ வேலை செய்யப் படத்தைப் படியெடுப்பதும் அதில். அந்த டிசம்பரில் ஒரே ஒரு தாள்தான் மிச்சம். கேக்குக்கென்று அதை அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள்.

அந்த வருடம் கேக்குக்குத் தனி மரியாதை. அப்பாவின் அக்கா, ஏரியூரில் வாழ்க்கைப்பட்ட என் அத்தை, கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் சாப்பிட ஒப்புக்கொண்டிருந்தார். எனக்கு நினைவு தெரிந்து அவர் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. ஏன் என்று கேட்டால், வாயை மூடு என்பார்கள். பங்குச் சாமியார் நடையாய் நடந்து பேசித்தான் அவர் மனசு இளகியது. அம்மா அந்த வாரம் வீட்டை இரண்டு முறை மெழுகினாள்.

எனக்கோ வேறு கவலை. வாசலில் கட்ட மூங்கில் குச்சியில் ஸ்டார் செய்திருந்தேன். கலர் பேப்பர் ஒட்டினால் பல்பு வெளிச்சம் வெளியே வரவில்லை. என் வகுப்புத் தோழி வீட்டு ஸ்டார் மட்டும் பால் நிலா மாதிரி எரிந்தது. பட்டர் பேப்பர்தான் அதன் ரகசியம். பெட்டியைத் திறந்தேன், வெட்டினேன், ஒட்டினேன். ஸ்டார் அழகாகத்தான் எரிந்தது.

மறுநாள் மதியம் அம்மா முட்டை அடித்துக்கொண்டே, "பாப்பா, அந்தப் பேப்பர வட்டமா வெட்டிப் பாத்திரத்துல போடு" என்றாள். அந்தப் பேப்பர் வாசலில் ஸ்டாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஷெட்டிலிருந்து ஒரு புழுப் பேப்பரை உருவி வந்து, வட்டமாக வெட்டி, பாத்திரத்தில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். இரண்டும் ஒரே மாதிரிதானே, வழவழவென்று?

கேக் வாசனை வாசல்வரை வந்தபோதுதான் அப்பாவின் உபதேசம் நினைவுக்கு வந்தது. கேக்கைக் கவிழ்க்கிறபோது பக்கத்தில் போய் நின்றேன். அடியில் தாள் இல்லை. துண்டுகூட இல்லை. மெழுகும் மருந்துமாக அத்தனையும் கரைந்து கேக்குக்குள் போய்விட்டது என்று முடிவு செய்தேன்.

சொல்லியிருக்கலாம். ஆனால் திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? கேக்கின் ஓரத்தைக் கிள்ளி எறும்புப் புற்றருகே போட்டுவிட்டுக் குந்தியிருந்தேன். ஓர் எறும்பு அசையாமல் கிடந்தது. அது ஏற்கெனவே செத்துக் கிடந்ததா என்று யோசிக்கிற நிதானம் எனக்கு இல்லை. கிறிஸ்துமஸ் பூசையில் எல்லோரும் பாலன் இயேசுவைப் பார்த்துப் பாடினார்கள். நான் ஏரியூர் பஸ் வழியிலேயே நின்றுபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பஸ் சரியாக வந்தது. அத்தையும் மாமாவும் கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்தார்கள். அம்மா முதல் துண்டை வெட்டித் தட்டில் வைத்து நீட்டினாள். அத்தை கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்தார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"திங்காதீங்க அத்தே! செத்துருவீங்க! அதுல வெசம் இருக்குது!"

கத்தியது நான்தான். அத்தையின் கை அப்படியே நின்றது. துண்டைத் தட்டில் வைத்தார். மாமா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எந்திரி, போலாம்" என்றார். அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கினார், ஆனால் அடிக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

அம்மா அத்தையின் தட்டில் இருந்த துண்டை எடுத்து, எல்லோர் முன்னாலும் முழுசாகத் தின்றாள். நான் அவள் காலைக் கட்டிக்கொண்டு, "துப்பும்மா, துப்பு" என்று கதறினேன். ஸ்டார், பெட்டி, புழுப் பேப்பர், எறும்பு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

அம்மா எழுந்து சமையலறைக்குள் போய், விறகுக்குப் பின்னாலிருந்து ஒரு வட்டத் தாளை எடுத்து வந்தாள்.

"இதானே? நெய் தடவக் கைய வெச்சப்பவே தெரிஞ்சிபோச்சு. தெனமும் தொடற பேப்பரு எனக்குத் தெரியாதா? எடுத்துப் போட்டுட்டு, வேற பாத்திரத்துல நெய்யத் தடவி மாவத் தூவி ஊத்தினேன். நல்ல நாளும் அதுவுமா புள்ளய எதுக்குத் திட்டறதுன்னு வுட்டுட்டேன், அண்ணி. அவ்ளோதாங்க."

அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாத ஒன்று இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா ஆக்கிப்போட்ட சோற்றைச் சாப்பிட்ட மறுநாள், அத்தையின் வயிற்றிலிருந்த பிள்ளை கலைந்துவிட்டது. அம்மா எதையோ கலந்து கொடுத்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அத்தை நம்பினார். அதன்பிறகு அவருக்குப் பிள்ளையே இல்லை. இதை எனக்குச் சொல்லப் பதினைந்து வருடம் ஆயிற்று.

அத்தை வட்டத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உக்காருங்க" என்று மாமாவிடம் சொன்னார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நீயே ஊட்டு புள்ள" என்றார்.

அம்மா இன்னொரு துண்டைப் பிட்டு ஊட்டினாள். இரண்டு பேரும் அழுதார்கள். அப்பா வாசலுக்குப் போய் ஸ்டாரைப் பார்த்தபடி நின்றுகொண்டார். அடி விழவில்லை என்கிற நிம்மதியில் எனக்குப் பசி எடுத்தது. கேக் என் பக்கம் வருகிற மாதிரி தெரியவில்லை. இவ்வளவு பெரிய அத்தைக்கு எதற்கு ஊட்டிவிட வேண்டும்? கையில் ஏதாவது புண்ணாக இருக்குமோ என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.