மைனி படித்த மீதிப் பாதி

மைனி படிக்கும்போது உதடு அசையும். தாராவியில் எங்கள் மளிகைக் கடையின் உட்புறம், அரிசி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, டாக்டரின் மேசையிலிருந்து இரவல் வாங்கி வந்த இங்கிலீஷ் மருத்துவப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு அவர் வாசித்த அந்தப் பிற்பகல் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு பாராவை முடித்ததும் திரும்ப மேலே போவார். புருவத்தைச் சுருக்குவார். மறுபடியும் முதலிலிருந்து. “என்னம்மா, பாட்டு ஏதும் போட்டிருக்கானா?” என்று என் மாமனார் கேலி செய்தார். மைனி தலை தூக்கவில்லை. கடையின் முன்பக்கம் என்னை எங்கே அனுப்புவது என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது.

மைனி என்றால் என் வீட்டுக்காரரின் மூத்த அக்கா. திருநெல்வேலிப் பக்கம் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நாத்தனார் என்றதும் உங்கள் மனதில் ஒரு முகம் வருமே, அதை முதலில் அழித்துவிடுங்கள். இவர் காச நோயாளிகளுக்கான தவாகானாவில், அதாவது ஆஸ்பத்திரியில், நர்ஸ். மாட்டுங்காவில் குடியிருந்தார். நான் அவர் வேலை செய்த அந்தத் தவாகானாவிலேயே நோயாளியாகப் போய் நின்றேன். அறுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தை பிறந்து, அவள் ‘அம்மா’ என்று தெளிவாகக் கூப்பிடத் தொடங்கியிருந்த நேரத்தில் எனக்கு இருமலில் ரத்தம் வந்தது.

அந்தக் காலத்தில் காச நோய் வந்த மருமகளுக்கு என்ன நடக்கும் என்று எங்கள் சந்தில் எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு அனுப்புவார்கள். நல்ல காற்று, பதநீர், ஆட்டுப்பால் என்பார்கள். குழந்தையை இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். இரண்டு பொங்கல் போனதும் புருஷனுக்கு வேறு பெண் பார்ப்பார்கள். இரண்டு வீடு தள்ளி இருந்த ஒருத்திக்கு அப்படித்தான் நடந்தது. அவளுடைய மகன் சித்தியைத்தான் ‘அம்மா’ என்று கூப்பிட்டான். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு இருமலைவிட அந்த நினைப்புதான் நெஞ்சை அடைத்தது. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. பெற்றவர்கள் முன்னால் வாய் திறக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். தவாகானா டாக்டரோ மலைப்பக்கத்து சானடோரியத்துக்கு எழுதித் தருகிறேன் என்றார். அங்கே போனாலும் குழந்தையைப் பிரிய வேண்டியதுதான்.

மைனி மூட்டையிலிருந்து இறங்கி முன்பக்கம் வந்தார். மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறதாம். நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் வைத்திருக்கிறார்கள், பாதிப் பேரை வீட்டிலேயே வைத்து அதே மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சானடோரியத்தில் பாலும் முட்டையும் ஓய்வும் கிடைத்தன. வீட்டிலிருந்தவர்களுக்கு அது எதுவும் இல்லை. இருந்தும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தேறியிருக்கிறார்கள். கூடவே குடியிருந்த பிள்ளைகளுக்கும் அதனால் நோய் கூடுதலாக வரவில்லை. மாமனார் நம்பவில்லை. காகிதத்தில் எவன் வேண்டுமானாலும் எழுதுவான், ஊசி போடாத வைத்தியமும் ஒரு வைத்தியமா என்றார்.

“நானும் அப்படித்தான்யா நெனச்சேன்,” என்றார் மைனி. “சீமையில செஞ்ச ஆராய்ச்சின்னா தூரப் போட்டிருப்பேன். அதான் யார வச்சுப் பாத்திருக்காங்கன்னு மொதல்ல தேடுனேன். எல்லாம் நம்மள மாதிரி ஆளுங்கதான். ஒத்த ரூமு, அர வயித்துக் கஞ்சி. அவுங்களுக்கு ஆயிருக்குன்னா இவளுக்கும் ஆகும்.”

எனக்கு அந்த வயதில் ஆராய்ச்சி என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் யாரை வைத்துப் பார்த்தார்கள் என்று தேடிய அந்தக் கேள்வி என்னைத் தூக்கி நிறுத்தியது. எங்கேயோ என்னைப் போன்ற ஒருத்தி, என்னுடையதைப் போன்ற ஒற்றை அறைக் கோலியில், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பிழைத்திருக்கிறாள்! மறுநாள் மைனி என்னையும் அழைத்துக்கொண்டு போய் டாக்டரிடம் அதே பக்கத்தைக் காட்டினார். மராத்திக்காரர், பொறுமைசாலி. அவரும் அதைப் படித்திருந்தார். தாராவியில் செய்து பார்க்கத்தான் தயங்கியிருந்தார். குழந்தையைச் சோதித்துவிட்டு, மைனி பொறுப்பேற்றால் சரி என்றார். மைனி பொறுப்பேற்றார்.

மாத்திரை என்றால் சின்ன மாத்திரையா? கை நிறையக் குவியும். விழுங்கினால் குமட்டும், வயிற்றைப் புரட்டும். அதை எண்ணி எடுத்துத் தருகிற வேலையை அத்தை, அதாவது என் மாமியார், ஏற்றுக்கொண்டார். எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் அத்தையின் கையைத் தாண்டித்தான் வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை தோறும் மைனி வருவார். பிறந்த வீட்டுக்கு வருகிற மகளுக்கு நடக்க வேண்டிய உபசாரமெல்லாம் நடக்கும். மீன்குழம்பு, வெற்றிலை, ஊர்க்கதை. கிளம்பும்போது “மாத்திர ஒழுங்கா சாப்பிடுதியா?” என்பார். “சாப்பிடுதேன் மைனி,” என்பேன். உண்மைதான். கையில் கொடுத்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

ஆனாலும் அடுத்த எக்ஸ்ரே நன்றாக இல்லை. சளியில் கிருமி அப்படியே இருந்தது. பார்த்தியா, காகிதத்தை நம்பினால் இப்படித்தான் என்று மாமனார் ஆரம்பித்துவிட்டார். ஊருக்கு டிக்கெட் எடுக்கிற பேச்சு மறுபடியும் எழுந்தது. என் வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு மைனிமேலும் கோபம் வந்தது. நம்பிக்கை கொடுத்துவிட்டல்லவா கைவிட்டார் என்று நினைத்தேன்.

மைனி கைவிடவில்லை. மறுபடியும் பத்திரிகையை எடுத்திருக்கிறார். முதல் தடவை முடிவைத்தான் கவனமாகப் படித்திருந்தார். இந்தத் தடவை அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்ற பகுதியைப் படித்தார். அங்கே வீட்டு நோயாளிகளைச் சும்மா விட்டுவிடவில்லை. நர்சுகள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று உறுதி செய்திருக்கிறார்கள். நம் ஆள் என்ன செய்தார்? நாள் சொல்லி வந்து மீன்குழம்பு சாப்பிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மாத்திரை சாப்பிடுகிற நேரம் பார்த்து, வெள்ளைச் சீருடையில் வாசலில் வந்து நின்றார். அத்தையின் ஒரு கையில் மாத்திரைக் குவியல், மறு கையில் ஊறுகாய் ஜாடி. குவியலிலிருந்து கொஞ்சத்தை எடுத்து அத்தை ஜாடிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ஜாடி கழுத்துவரை நிறைந்திருந்தது. நானே அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

என்னைத் தொலைக்கத்தான் இந்த வேலை என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அத்தை தரையில் உட்கார்ந்து அழுதார். “தவாகானால போன மழைக்கு மருந்து இல்லன்னு எத்தன பேரத் திருப்பி அனுப்புனாவ, நீதானள சொன்ன? நாளைக்கு இவளுக்கும் இல்லன்னுட்டா நான் எங்க போவேன்? அடி மூட்டையத் தொடச்சு விக்கக் கூடாதுன்னுதான உங்கய்யா சொல்லுவாரு.”

கடைக்காரக் குடும்பம். சரக்கு வந்ததும் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வியாபாரம் தொடங்கும். அத்தை எனக்காக இருப்பு வைத்திருந்தார். மைனி சத்தம் போடவில்லை. தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, “எம்மா, அரிசிய நாளைக்குன்னு வைக்கலாம். இன்னைக்குள்ள மருந்து இன்னைக்கே முழுசா உள்ள போவணும். கொறச்சுக் குடுத்தா வியாதி அதுக்குப் பழகிரும், பெறவு எந்த மருந்தும் கேக்காது,” என்றார்.

மைனி இதை டாக்டரிடம் மறைத்திருக்கலாம். சொந்தத் தாய், சொந்தத் தம்பி வீடு, பொறுப்பேற்றது தானே. ஆனால் ஜாடியை எடுத்துக்கொண்டு போய் டாக்டரின் மேசைமேல் வைத்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் சானடோரியத்துக்கு எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். மைனி இந்தியில் சொன்னதை இத்தனை வருஷம் கழித்தும் மறக்கவில்லை: “ஆராய்ச்சியில் தப்பில்லை டாக்டர் சாப். அதில் பாதியைத்தான் நான் செய்தேன். மீதிப் பாதியையும் செய்துவிட்டு வருகிறேன். அதற்கப்புறம் எழுதுங்கள்.”

தன் வேலையில் தான் விட்ட குறையை இப்படி நின்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? எனக்கு அழுகை வந்தது. கூடவே, இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று ஒரு கர்வமும் வந்தது. டாக்டர் அடுத்த எக்ஸ்ரே வரை பார்ப்போம் என்று பேனாவை மூடினார்.

அதற்குப் பிறகு மைனி வந்த வருகையே வேறு. மழையில் நனைந்து வருவார், வெயிலில் வேர்த்து வருவார், எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. மாத்திரையை எண்ணுவார், சிறுநீர் கேட்பார், போய்விடுவார். அத்தை காபியோடு ஓடி வந்தால் “இப்போ உம் மவ வரல, நர்ஸு வந்திருக்கா,” என்பார். குமட்டலுக்கு என்ன செய்யலாம் என்று என்னிடமே கேட்டுக் கேட்டு, சோற்றுக்குப் பிறகு சாப்பிட்டால் தங்குகிறது என்று கண்டுபிடித்தார். அத்தையும் அசந்தவர் இல்லை. நான் விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்லுவார்!

சளி சுத்தமானது. எக்ஸ்ரேயும் தெளிந்தது. அப்புறம் டாக்டர் எங்கள் சந்திலேயே இன்னும் பலரை வீட்டில் வைத்துப் பார்க்கத் துணிந்தார். மைனி அவர்கள் வாசலிலும் அப்படியே போய் நின்றார். அதற்குப் பிறகு எங்கள் சந்திலிருந்து இருமலோடு ஊருக்கு அனுப்பப்பட்ட மருமகள் ஒருத்திகூட இல்லை. பெரிய பட்டம் எதுவும் மைனிக்கு யாரும் கொடுக்கவில்லை. நான் கொடுக்கிறேன்: படித்ததை வீட்டு வாசல்வரை கொண்டுவந்த மனுஷி.

இப்போது ஆராய்ச்சி, ஆதாரம் என்றெல்லாம் பேத்தி கம்ப்யூட்டரில் படிக்கிறாள். அவளும் நர்ஸ்தான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரிந்த ஆதாரம் ஒன்றுதான். நான் தேறிய பிறகு, மழை தொடங்கிய ஒரு ஜூன் மாதம், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கையைப் பிடித்து நானே கூட்டிக்கொண்டு போனேன். டீச்சர் பதிவேட்டைத் திறந்து, “பிள்ளைக்கு அம்மா வந்திருக்காங்களா?” என்று கேட்டார்.

“வந்திருக்கேன்,” என்றேன்.