பூவரச மரத்துல ஏழாம் நம்பர் கிரேன்

ஷிப்ட்டு முடிஞ்சி வந்ததும் லூர்து டீயைத் தொடமாட்டான். நேரா கொல்லைக்குப் போயி, முதுகு ஒடிஞ்ச நாற்காலியில உக்காந்து கிரேன் ஓட்டுவான்.

கிரேன்னா நெஜக் கிரேன் இல்ல. ராயபுரத்து வீட்டுக் கொல்லையில ஒரு பூவரச மரம். கிளையில கப்பி, கப்பியில கயிறு, கயித்து நுனியில மண்ணு ரொப்பின வாளி. மரக் கைப்பிடியைத் தள்ளினா வாளி எறங்கும், இழுத்தா ஏறும். வாளி, பொண்டாட்டி அடைக்கலமேரியோடது.

"தண்ணிய நான் இன்னா, முந்தானையிலயா புடிக்கிறது?"ன்னு அவ கத்துவா.

"டெஸ்ட்டு முடியட்டும் மேரி, வெள்ளி வாளியே வாங்கித் தரேன்."

"கீய்ச்ச!"

ஹார்பர்ல அவன் கலாசி. சரக்கு மூட்டைக்குக் கொக்கி மாட்டி மாட்டி இடுப்பு போயிடுச்சு. பாயிலேர்ந்து எழுந்திரிக்கவே அவதான் கை குடுக்கணும். டிரைவர் ஆயிட்டா உக்காந்து செய்யற வேலை. ஆனா டெஸ்ட்டுல பாஸாகாதவன கிரேனைத் தொட விடமாட்டாங்க. தொடாம எப்படிப் பாஸாவுறது? அதான் வீட்டுலயே ஒண்ணு கட்டிட்டான்.

தோஸ்து ரஷீது ஓட்டுற ஏழாம் நம்பர் கிரேனைப் பாத்துப் பாத்துக் கட்டினது. பழைய கிரேன் அது. கைப்பிடி இறுகிக் கெடக்கும், உள்ளங்கையால ஓங்கி ஒரு தட்டு தட்டினாத்தான் நவுரும். லூர்தும் தன் கைப்பிடி இடுக்குல கோணித்துணியைத் திணிச்சி இறுக்கிட்டான்.

டிரைவருங்க கும்பலா வந்து பாத்தாங்க. "இன்னா நைனா, ஆர்பரையே வூட்டாண்ட இட்டாந்துட்ட?"ன்னு கருணாகரன் சிரிச்சான். சிரிச்சவனே உக்காந்து ஓட்டிட்டு, "காத்து பத்தல. கடக்காத்துல வாளி ஆடணும்ல? யக்கா, அந்த மொறத்தால கொஞ்சம் வீசு"ன்னான்.

"ஒம் பொண்டாட்டிய இட்டாந்து வீசச் சொல்லு"ன்னு அடைக்கலமேரி மொறத்தோட உள்ள போயிட்டா.

ரஷீது மட்டும் தட்டிப் பாத்து சொக்கிட்டான். "மாமு, அப்டியே ஏழாம் நம்பரு!"

டெஸ்ட்டு அன்னிக்குக் குடுத்தது, சீமையிலேர்ந்து புதுசா வந்த கிரேன். கைப்பிடி வெண்ணெய். லூர்து பழக்கத்துல ஓங்கி விட்டான் ஒரு தட்டு. கொக்கியில தொங்கின சரக்குப் பொட்டி தொம்முனு எறங்கி செதறிப் போச்சு. ஆபீஸர் எகிறிக் குதிச்சி, "அடுத்த மாசம் வா, கடைசி சான்ஸ்"னுட்டார்.

சாயந்திரம் கொல்லையில கும்பல் ரெடி. "தட்டுனியாமே நைனா!"ன்னு கருணாகரன் வயித்தைப் புடிச்சிக்கினு சிரிக்கிறான். அடைக்கலமேரி கயித்தை அறுக்க அருவாமணையோட நிக்கிறா.

லூர்து யாரையும் பாக்கல. குனிஞ்சி கோணித்துணியைப் புடுங்கி எறிஞ்சான்.

"மேரி, தேங்கா எண்ண கீதா?"

அவ அவன் இடுப்பைப் பாத்தா. அருவாமணையைக் கீழ வெச்சிட்டு உள்ள போயி பாட்டிலை எடுத்தாந்தா.

இடுக்குல எண்ணெய ஊத்திட்டு ஒத்த விரலால கைப்பிடியைத் தொட்டான். வாளி சத்தமில்லாம எறங்கிச்சு. கையில வழிஞ்ச மிச்சத்தை வழுக்கையில பரபரன்னு தேச்சிக்கினு, நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டு உக்காந்தான்.