பாலிஷ் போட்ட விமானம்

"ஆள் எப்படி இருந்தாலும் படத்துல நல்லா இருக்கணும்." கல்யாணமான புதிதில், ஆம்பூர் ஸ்டூடியோவில் வைத்து என் வீட்டுக்காரர் சொன்ன முதல் தொழில் பாடம் இது. கேமரா தூக்கிப் பிழைக்கும் உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். பெண்ணின் பருவையும் மாப்பிள்ளையின் வழுக்கையையும் மறைத்து மறைத்தே கை பழகிவிட்டது. இப்போது அவருக்கு முட்டிவலி; பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். வேலூர் பக்கம் ஒரு சின்ன மியூசியத்திலிருந்து கூப்பிட்டபோது நானே பஸ் ஏறினேன்.

வாய் திறக்காத கஸ்டமர்

உலகப்போர் காலத்து விமானங்களின் மிச்சங்கள். அரித்துப்போன ஒரு மூக்கு, பாதி இறக்கை, பைலட் உட்காரும் தோல் சீட்டோடு ஒரு கூண்டு. எல்லாம் வெட்டவெளியில் கிடந்தன. "மழைக்கு முன்னாடி கூரை போட்டாகணும்மா. உங்க படத்தப் பாத்துத்தான் சென்னை ஆபீஸ்ல முடிவு பண்ணுவாங்க" என்றார் பொறுப்பாளர் சுதா மேடம்.

எந்தப் படத்துக்கும் முன்னால் கண்மூடி ஒரு ஜெபம் செய்வது என் வழக்கம். கண்ணைத் திறந்தால் எதிரே வாட்ச்மேன் ரஃபீக் பாய். "இன்னாம்மா, தகரத்துக்கா ஜெபம்?"

"இல்ல பாய், இந்த சீட்ல உக்காந்திருந்த புள்ளைக்கு."

அவர் சீட்டின் விரிசல்களைக் கையால் தடவினார். "அப்ப அவங்க அம்மாவையும் சேத்துக்கங்க."

ஃபினிஷிங்

அன்று வெளிச்சம் போய்விட்டது. மறுநாள் காலையில் போனால் சீட்டு பளபளவென்று இருக்கிறது. ஒரு விரிசல்கூடத் தெரியவில்லை. மெழுகு வாசனை வேறு. பாய் துணியும் கையுமாக நிற்கிறார். முன்பு ஷூ கம்பெனியில் கடைசி பாலிஷ் போடும் பிரிவில் இருந்தவர் அவர். சுதா மேடம் லீவு.

நானாவது நிதானித்திருக்கலாம். என் கை சும்மா இருந்தால்தானே? உடைந்த பக்கத்தை மறைத்து, இளவெயில் விழும் பக்கமாக நின்று, கல்யாணப் பெண்ணை எடுப்பதுபோல எடுத்தேன். பாய்க்கு ஒரே பூரிப்பு. "பாலிஷ் போடாத ஜோடிய நான் வெளிய அனுப்புனதே இல்லம்மா."

சென்னை பதில்

மேடம் வருவதற்குள் நானே அனுப்பிவிட்ட படங்கள் போய்ச் சேர்ந்ததும் ஆபீஸிலிருந்து போன். சுதா மேடம் ஸ்பீக்கரில் போட்டார். படம் பிரமாதமாம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த பேச்சைக் கேட்கும்வரை. "கல்லு மாதிரி இருக்கே மேடம், கூரைய அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

குடை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கேமராவை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு மறுபடி போனேன். பாய் தன் குடையைச் சீட்டுக்கு மேல் பிடித்தபடி, தான் நனைந்துகொண்டிருந்தார்.

"நகருங்க பாய். தண்ணி விழறது தெரியணும்."

"மனசு வரலம்மா."

"எனக்கு மட்டும் வருதா?"

நகர்ந்தார். தோல் பிளந்து, பைலட் உட்கார்ந்த குழியில் தண்ணீர் தேங்கி, எங்கிருந்தோ வந்த ஒரு வேப்பிலை அதில் சுற்றிக்கொண்டிருந்தது. 'ஆண்டவரே' என்று சொல்லிக்கொண்டு, எதையும் மறைக்காமல் எடுத்தேன்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் தார்ப்பாய் அனுப்பினார்கள். பின்னாலேயே கூரை போட ஆள் வந்தது. தகரம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது என் போனில் படத்தைக் காட்டினேன். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இத அவங்க அம்மாக்குக் காட்டிடாதீங்கம்மா."

அழகாக எடுத்ததற்குப் பாராட்டும் அசிங்கமாக எடுத்ததற்குக் கூரையும் கிடைத்த தொழில் என்னுடையது. நீங்கள் அந்தப் பக்கம் வந்தால், தயவுசெய்து சீட்டை மட்டும் துடைத்துவிடாதீர்கள்.