நல்ல தண்ணி பட்ட தலைமயிர்

இண்டைக்கு மானிப்பாயிலை ஒரு பார்லருக்குப் போய், இடுப்புவரைக்கும் இருந்த தலைமயிரைக் கழுத்தோடை வெட்டச் சொன்னன்.

அங்கை வேலை செய்யிற பிள்ளை கத்தரிக்கோலைக் கையிலை வைச்சுக்கொண்டு, "ஏனக்கா, வடிவான தலைமயிரல்லோ?" எண்டாள்.

இந்தமுறை மாரிமழை ரெண்டே நாளிலை கொட்டிப்போட்டு நிண்டிட்டுது. தை முடியமுன்னமே என்ரை கிணத்துத் தண்ணி உப்புக் கரிச்சுச் சவராப் போச்சு. பவுசர் வண்டி நல்ல தண்ணி கொண்டு வாற நேரம் நான் வேலையிலை. தண்ணிக் கானோடை போய் வரிசையிலை நிக்க வீட்டிலை வேறை ஆள் இல்லை. காசு குடுத்து வாங்கிற தண்ணி குடிக்கவும் சமைக்கவும்தான் காணும். சவர்த்தண்ணியிலை முழுகினால் சம்பூ நுரைக்காது, தலை தும்பு மாதிரிக் கிடக்கும்.

இதெல்லாம் சொன்னன்.

"வீட்டிலை ஏசமாட்டினமோ?"

"ஏசுறதுக்கு ஆக்கள் வேணுமே, பிள்ளை."

அவள் விசிறுற போத்திலாலை தலைக்குத் தண்ணி அடிச்சாள். நல்ல தண்ணி. நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தன்.

வெட்டி முடிச்ச பிறகும், "இன்னும் கொஞ்சம் அடிக்கட்டோ அக்கா?" எண்டு கேட்டாள்.

ஓம் எண்டன்.

வீட்டை வந்து மூண்டு மணித்தியாலம் ஆச்சு. ஏன் வெட்டினனீங்கள் எண்டு இதை வாசிக்கிற நீங்களாவது ஒருக்கால் கேளுங்கோ. மறுமொழி மேலை எழுதிக் கிடக்கு. எண்டாலும் கேளுங்கோ.