காட்டேரிக் கணவாயும் ஒரு ஜன்னலும்

மீன் காட்சிசாலையில் அவருக்கு ஆந்தை என்று பெயர். டிக்கெட் கவுன்ட்டர்காரர்கள் வைத்தது. வெளிச்சத்துக்கு வந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சுவரைத் தடவாத குறையாக நடக்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? மீன் தொட்டிகளுக்குப் பின்னால், சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும் குளிரறைதான் அவர் ராஜ்ஜியம். அங்கே குடிமகள் ஒருத்தியே ஒருத்தி, ஆழ்கடலிலிருந்து வந்த காட்டேரிக் கணவாய்.

அந்தப் பெயரை வைத்த புண்ணியவானை என்ன சொல்ல! ஒரு முழம்கூட இல்லாத உடம்பு, நுங்கு மாதிரி வழுவழுப்பு, இது ரத்தம் குடிக்கிறதாம். மேலே செத்ததும் கழிந்ததும் துகள்துகளாக ஆழத்துக்கு இறங்கி வருமே, அதை நீளமான ஓர் இழையால் பிடித்து, சளியில் உருட்டி விழுங்குகிற அப்பாவி அது. மற்ற பிராணிகள் மூச்சு முட்டிச் செத்துப்போகும் அளவுக்கு ஆக்ஸிஜன் குறைந்த ஆழத்தில் அதன் குடித்தனம். துரத்தாது, சண்டைக்குப் போகாது, சும்மா மிதக்கும். பயந்தால் கைகளையும் இடையிலிருக்கும் சவ்வையும் தலைக்கு மேல் புரட்டிப் போர்த்திக்கொள்ளும். மை கக்குகிற வழக்கம் இல்லை. கும்மிருட்டில் மை எதற்கு? ரொம்பச் சீண்டினால் ஒளிரும் சளியை உமிழ்ந்துவிட்டு நழுவிவிடும். தொட்டித் தண்ணீரில் ஆக்ஸிஜன் கூடிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆந்தையின் வேலை.

அவர் மனைவிக்கு நுரையீரல் கெட்டுப்போனது அந்தக் கணவாய் வந்த வருஷம்தான். கட்டிலருகே ஆக்ஸிஜன் இயந்திரம் வந்து உட்கார்ந்தது. "அதிகம் அலட்டிக்காம பார்த்துக்குங்க" என்றார் டாக்டர். சாதாரணப் பேச்சு. ஆந்தைதான் அதைத் தன் தொழிலோடு முடிச்சுப் போட்டுக்கொண்டார். மறுநாளே படுக்கையறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டினார்.

"இருட்டுல உடம்பு அடங்கும். அடங்கிட்டா கொஞ்சம் காத்தே போதும். அது அப்படித்தானே பிழைக்குது?"

"அப்போ நானும் கணவாயா?" சிரிக்கப் போய் இருமினாள்.

"சிரிக்காதம்மா. மூச்சு வீணாகும்."

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, அந்த இருட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். "இன்னிக்கு உங்க ராஜாத்தி சாப்பிட்டாளா?" என்று அவளே ஆரம்பிப்பாள். அவர் கதை கதையாகச் சொல்வார். அவள் குரல் சில நாள் தெளிவாக இருக்கும். இருட்டு வேலை செய்கிறது என்று மனுஷர் பூரித்துப்போவார். அவளை எப்படியாவது பிழைக்க வைத்துவிடலாம் என்று மனதார நம்பினார், பாவம். அவள் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கும். அதையும் அவளுக்காக அடக்கிக்கொண்டார்.

கணவாய் பிழைத்துக் கிடந்தது. அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, அம்மாவைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகள் அந்தத் துணியைக் கழற்றப் போனாள்.

"வேண்டாம்மா, கிடக்கட்டும்."

மகள் கையை எடுக்கவில்லை. "இதை நான் தினமும் கழட்டிக்கிட்டுதான்பா இருந்தேன். நீங்க வேலைக்குப் போனதும் அம்மா கழட்டச் சொல்வாங்க. சாயங்காலம் வரைக்கும் எதிர்வீட்டு மாடியில துணி காயறதைப் பார்த்துக்கிட்டே படுத்திருப்பாங்க. நீங்க வர்ற நேரத்துக்கு மறுபடி மாட்டிடுவேன்."

"எதுக்கு?"

"இருட்டுல அவங்களுக்கு மூச்சு இன்னும் முட்டும்பா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்றேன்னுதான் சொன்னேன். அம்மாதான் விடல. 'நாள் பூரா இருட்டுல நின்னுட்டு வர்றவரு, வெளிச்சத்துல அவருக்குக் கண்ணு கூசும். நான் ராத்திரி மட்டும் பொறுத்துக்கிறேன்'னாங்க."

துணி கீழே விழுந்தது. வெயில் கட்டில் முழுக்கப் பரவியது. ஆந்தை கண்ணைச் சுருக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். அங்கே பார்ப்பதற்கு அவள் இல்லை.