மாடிக்குப் போன டெலிபோன்

அவளுக்குத் தொழில் தையல். ஊராருடைய பேன்ட்டைக் குட்டையாக்குவது, சட்டைக்குக் காலர் மாற்றுவது, போர்வைக்கு ஓரம் அடிப்பது என்று காலை முதல் மாலை வரை மெஷினே கதி. ஆனாலும் தெருவில் அவளுக்குப் பெயர் ‘டெலிபோன் அக்கா’. தெருவுக்கே ஒரு போன் இருந்த காலத்தில் அது அவள் வீட்டு முன்னறையில், மெஷினுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. யார் வீட்டுப் பெண்ணுக்கு இடம் அமைந்தது, யார் வேலை போனதை வீட்டில் சொல்லாமல் திரிகிறார் என்பதெல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். பிறகு வீட்டுக்கு வீடு போன் வந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வெளியில் சலித்துக்கொள்வாளே தவிர, அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். போனுக்கு ஓரத்தில் சுருக்கம் வைத்த ஒரு உறைகூடத் தைத்துப் போட்டிருந்தாள்.

வீடு இரண்டு அடுக்கு. கீழே அவளும் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் புருஷனும். மாடியில் கொழுந்தனும் அவன் மனைவியும். அந்த வீட்டுக் கணக்கில் இவள் பெரியவள், மாடியில் இருப்பவள் சின்னவள். ஆண்கள் இருவரின் செல்போன்களும் காலையிலேயே அவரவர் சட்டைப் பையில் ஏறி வேலைக்குப் போய்விடும். பெண்கள் இருவருக்கும் வீட்டு போன்தான். லைன் ஒன்று, கருவி இரண்டு. கீழே ஒன்று, அதிலிருந்து ஒயர் இழுத்து மாடியில் ஒன்று. மாடிக் கருவிக்கு மணி கிடையாது. அழைப்பு வந்தால் கீழேதான் எடுக்கவேண்டும். சின்னவளுக்கு என்றால் பெரியவள் ஒட்டடைக் குச்சியால் கூரையை இரண்டு தட்டுத் தட்டுவாள். மேலே சின்னவள் எடுத்ததும் கீழே பெரியவள் வைத்துவிட வேண்டும் என்பது முறை. வைத்தாளா என்பது வேறு விஷயம்.

ஊர்க்கதை கேட்கிற ஆசையெல்லாம் அவளுக்கு என்றோ வடிந்துவிட்டது. அவள் ஒட்டுக்கேட்டது ஒரே ஒருத்தியின் பேச்சுக்காக. அது நாத்தனார்.

நாத்தனார் ஓர் அண்ணனுக்கும் ஒரு தம்பிக்கும் நடுவில் பிறந்தவள்; அண்ணன் மனைவியான பெரியவள் அவளுக்கு அண்ணி, தம்பி மனைவியான சின்னவளுக்கோ அவள் அண்ணி. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். பெரியவள் வாழ வந்த புதிதில், அந்த வீட்டில் அவளிடம் முதலில் முகம் கொடுத்துப் பேசியவள் அவள்தான். அப்போது அவள் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முதல் வெள்ளைச் சீருடையைத் தைத்துக் கொடுத்தது பெரியவள். இருவரும் ஒரே பாயில் படுத்து, மாமியாரைப் பற்றிக் குசுகுசுவென்று பேசிச் சிரித்திருக்கிறார்கள். வெளியூரில் இருக்கும் சொந்த மகன் மாதம் ஒருமுறை கூப்பிட்டு ‘சாப்டியா, சரி வச்சிடறேன்’ என்பதோடு கடமையை முடித்துக்கொள்கிறவன். வாரம் தவறாமல் வருகிற நாத்தனாரின் குரல்தான் அவளுக்கு மகள் குரல், தங்கை குரல் எல்லாம்.

அதில் பங்கு கேட்க ஒருத்தி வருவாள் என்று அவள் நினைக்கவே இல்லை. சின்னவள் வந்தாள். எதற்கெடுத்தாலும் சிரிப்பவள். அவளிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை, பெரியவளுக்கு அதுவே பெரிய குறை. நாத்தனார் இவளிடம் பத்து நிமிஷம் நலம் விசாரித்துவிட்டு, “அண்ணி, அவள கொஞ்சம் கூப்பிடுங்களேன்” என்பாள். இவள் இரண்டு தட்டுத் தட்டுவாள். அதுவரை ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஓட்டிய மெஷினை நிறுத்துவாள். ரிசீவரின் பேசுகிற பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்வாள்.

“என்னடி பண்றே?” என்று அங்கே நாத்தனாரின் குரல் மாறும். அந்த ‘டீ’தான் இவள் வயிற்றில் நெருப்பைக் கொட்டும். இத்தனை வருஷத்தில் இவளை அவள் ‘டீ’ போட்டதில்லை. அண்ணியை எப்படிப் போடுவாள் என்று புத்தி சொல்லும். புத்தி சொன்னால் வயிறு கேட்குமா? போதாக்குறைக்கு, இருவரும் பேசுவது இவளைப் பற்றியென்றால் எப்போதும் நல்லதாகவே இருக்கும். “அக்கா தைச்ச சட்டைதான் போட்டிருக்கேன் அண்ணி” என்பாள் சின்னவள். “அண்ணி கைக்குத் தங்கக் காப்பு போடணும்” என்பாள் நாத்தனார். அதைக் கேட்டு இவளுக்கு ஒரு நிம்மதி வரும். நிம்மதி வந்தபின் அவர்கள் சிரிப்பார்கள், நிம்மதி போய்விடும்.

சில நாள் சின்னவள் மாடியில் இருக்கும்போதே, “அவ கடைக்குப் போயிருக்காம்மா” என்று ஒரு பொய்யைச் சொல்லி அந்தப் பேச்சு நேரத்தையும் தானே வைத்துக்கொண்டதுண்டு. மேலே சின்னவள் நாற்காலி நகர்த்தும் சத்தம் கேட்டால், தும்மி மறைப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் லைன் படுத்துக்கொண்டது. எடுத்தால் யாரோ மண்ணை வாரி இறைக்கிற மாதிரி ஒரே கொரகொரப்பு. பூமிக்கடியில் கம்பி துருப்பிடித்துவிட்டது, புதுக் கம்பி போடுவதாக இல்லை என்று ஆபீஸில் கை விரித்துவிட்டார்கள். எலக்ட்ரிகல் கடையில் வேலை பார்க்கும் கொழுந்தன், “இன்டர்நெட் போட்டுடலாம் அண்ணி. அதுலயே போன் வரும். அதே நம்பர். கண்ணாடி மாதிரி கேக்கும்” என்றான். அதே நம்பர் என்றதும் அவளும் சரி என்றுவிட்டாள்.

கம்பி மொட்டைமாடி வழியாக வந்தது. அதனால் விளக்கு மினுக்குகிற பெட்டி மாடியில் உட்கார்ந்தது. அதன் பக்கத்திலேயே தாய்ப் போனும் உட்கார்ந்தது. கீழே வந்தது ஒயர் இல்லாத ஒரு குட்டிக் கைபோன். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ‘பீப்’ என்று கத்துகிற சனியன். இதில் கொழுந்தன் வேறு வாயெல்லாம் பல்லாக வந்து, “அண்ணி, மாடிப் போனுக்கும் அழகா ஒரு உறை தைச்சுத் தாங்களேன்” என்றான். “துணி இல்லப்பா” என்றாள், மூட்டை மூட்டையாகத் துணிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு.

பழைய போனை எடுக்க விடவில்லை. ஒயர் அறுந்து, உறை போட்டபடி அது மெஷின் பக்கத்திலேயே இருந்தது.

மாடியில் மணி ஒரு நொடி முன்னால் அடித்தது. அந்த ஒரு நொடி போதும் சின்னவளுக்கு. இவள் ஊசியிலிருந்து துணியை விடுவித்துக் கைபோனைத் தேடுவதற்குள் அங்கே “அண்ணீ!” என்று குரல் கொடுத்துவிடுவாள். முதல் வாரம் நாத்தனார் கூப்பிட்டபோது மேலே அரை மணி நேரம் சிரிப்பு. அப்புறம் கூரையில் இரண்டு தட்டு கேட்டது.

பெரியவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. தன் தட்டையே தனக்குத் திருப்பித் தருகிறாளே! இத்தனை வருஷம் தான் தட்டியபோது அந்தச் சின்னவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று வேறு யாராவது என்றால் யோசித்திருப்பார்கள். இவளுக்கு அது தோன்றவே இல்லை. ‘இவ இப்ப என்னென்ன பொய் சொல்லுவாளோ’ என்றுதான் தோன்றியது.

அப்போதுதான் நாத்தனார் ஒரு மாத லீவில் வருகிறாள் என்ற செய்தி வந்தது. ஆறு வருஷம் கழித்து வருகிறாள். முன்பெல்லாம் வந்தால் கீழேதான் தங்குவாள், அதில் பேச்சுக்கே இடமிருந்ததில்லை. இப்போது மாடியில் புதுக் குளியலறை கட்டியிருக்கிறார்கள், திருகினால் சுடுதண்ணீர் கொட்டும். அகலக் கட்டில் வாங்கியிருக்கிறார்கள். கீழே பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்ச வேண்டும், கட்டில் திரும்பிப் படுத்தால் முனகும். பெரியவளுக்கு இரண்டு நாளாகத் தையல் ஓடவில்லை. ஒருவருடைய பேன்ட்டில் ஒரு காலை நீளமாகவும் இன்னொன்றைக் குட்டையாகவும் வெட்டிவிட்டாள்.

“அவ எங்க தங்குனா என்ன? ரெண்டும் ஒரே வீடுதானே” என்றார் புருஷன்.

“உங்களுக்கு இன்ஜினத் தவிர என்ன தெரியும்?” என்றாள்.

மறுநாள் மாடியில் மணி அடித்தது. “அண்ணீ!” என்ற குரலும் கேட்டது. பெரியவள் மெஷினை நிறுத்தினாள். கைபோனை எடுத்துப் பச்சைப் பொத்தானை மெல்ல அமுக்கினாள். ‘பீப்’ என்றது. அதற்குத்தான் வேறு வேலையே இல்லையே என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். சின்னவள் எதையோ பாதியில் நிறுத்தியிருந்தாள்.

பிறகு நாத்தனார் தெளிவாகச் சொன்னாள்: “நான் வந்தா அண்ணிகூடத்தான் தங்குவேன். அண்ணிய விட்டா எனக்கு அங்க யாரு இருக்கா?”

“ஆமா அண்ணி, அக்காகூட இருக்கற மாதிரி வருமா?” என்றாள் சின்னவள்.

பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, பெட்டிக்கடியில் வருஷக்கணக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த நீலப் பூப்போட்ட துணியை எடுத்தாள். வந்த வேலைகளை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு, நாத்தனார் படுக்கப்போகிற அறைக்கு ஜன்னல் திரை தைத்தாள். அதை உலர்த்துகிற சாக்கில் மாடிப்படிக் கைப்பிடியில் விரித்துப் போட்டாள். நனையாத துணியை எதற்கு உலர்த்துகிறாய் என்று கேட்க ஆளில்லை.

“அழகா இருக்குக்கா” என்றாள் சின்னவள், இறங்கி வரும்போது.

“அவளுக்குக் கீழ படுத்தாத்தான் தூக்கம் வரும். சின்ன வயசுலேருந்து அப்படி” என்றாள் பெரியவள்.

“ஆமாக்கா” என்று சின்னவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இவளுக்கு முதன்முறையாக இனித்தது.

அடுத்த வாரம் அழைப்பு வந்தபோது சின்னவள் எடுத்துவிட்டு உடனே இரண்டு தட்டினாள். பெரியவள் கைபோனை எடுத்து, மேலே வைத்துவிட்டாள் என்று தெரிந்ததும் ஆரம்பித்தாள். கட்டிலுக்கு ஆணி அடித்ததைச் சொன்னாள், திரையைச் சொன்னாள், பூ என்ன நிறம் என்று சொன்னாள். நாத்தனார் “ம்… ம்…” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடுவில் ‘பீப்’ என்றது.

“ஐயோ, அக்காவா? இன்னும் பேசிட்டிருக்கீங்களா? கேஸ் சிலிண்டருக்குச் சொல்லலாம்னு எடுத்துட்டேன். வச்சிடறேன்கா” என்று சின்னவளின் குரல் வந்து போனது.

பெரியவள் தன் விரலைப் பார்த்தாள். அது எந்தப் பொத்தானிலும் இல்லை.

“இப்ப ஒரு சத்தம் வந்துதே. உனக்குக் கேட்டுதா?” என்றாள்.

“ஆமா அண்ணி. இன்னொருத்தர் எடுத்தா எல்லாருக்கும் கேக்குமே” என்ற நாத்தனார், சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள் போலிருக்கிறது.

“பழைய போன்ல சத்தம் வராது” என்றாள் பெரியவள்.

நாத்தனார் சிரித்து மழுப்பப் பார்த்தாள். “விடுங்க அண்ணி. அதுல சத்தம் வராதுதான். ஆனா கீழ உங்க மெஷின் நின்னுச்சுன்னா மேல தெரிஞ்சுடும். அவ ‘அக்கா வேலையெல்லாம் முடிச்சுட்டாங்க’ம்பா. எங்களுக்குப் புரிஞ்சுடும். யாரும் தப்பா நினைச்சதில்ல அண்ணி.”

‘எங்களுக்கு.’ அந்தச் சொல் பெரியவளின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. தங்கக் காப்பும், அக்கா தைத்த சட்டையும், இத்தனை வருஷம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருடிய நல்ல வார்த்தைகள் எல்லாமே, அவள் கேட்கிறாள் என்று தெரிந்து அவள் காதுக்கு என்றே பேசியவை. போன வாரம் கேட்டதும் அப்படித்தானா? கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமா அது? கேட்டால், ‘ஐயோ, நிஜமாத்தான் சொன்னேன் அண்ணி’ என்பாள். அதையும் நம்ப முடியாது.

அவள் வேறு வழி பிடித்தாள்.

“ஏம்மா, நீ மாடியிலேயே தங்கிக்கோயேன்” என்றாள் சாதாரணமாக. “அங்க சுடுதண்ணி வசதியெல்லாம் இருக்கு. நீயும் அலுத்துப்போய் வருவே.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். ‘என்ன அண்ணி, என்னைத் துரத்தறீங்களா?’ என்று ஒரு கோபம் வரட்டும். ‘உங்களை விட்டுட்டு எப்படி?’ என்று ஒரு வார்த்தை வரட்டும். வந்தால் போதும், இந்த ஜென்மத்துக்கும் மாடியில் யார் எவ்வளவு சிரித்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

“நிஜமாவா அண்ணி?” என்று குரல் துள்ளி வந்தது. “நீங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டீங்களே? எப்படிச் சொல்றதுன்னே தெரியாம நான் தவிச்சுட்டு இருந்தேன்.”

“நான் என்ன நினைக்கப் போறேன்?” என்றாள் பெரியவள். “இரு, அவளக் கூப்பிடறேன். நீயே சொல்லிடு.”

ஒட்டடைக் குச்சியை எடுத்துக் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். மேலே சின்னவள் எடுத்தாள். ‘பீப்’ என்றது. “சொல்லுங்க அண்ணி” என்ற குரல் வந்ததும், இத்தனை வருஷத்தில் முதன்முறையாக, பெரியவள் உடனே வைத்துவிட்டாள்.

வைத்த கையோடு மெஷின் முன்னால் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினாள். ஊசிக்கடியில் துணி இல்லை, ஊசியில் நூலும் இல்லை. மாடிக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். மேலே சிரிப்புச் சத்தம் எழுந்தது. அவள் இன்னும் வேகமாக மிதித்தாள்.